கண்டக்டரிடம் பஸ் இல்லை என்று சொன்னவன்

உங்களிடம் ஒப்படைத்திருக்கும் இணைப் பட்டியலைத் திறந்து பாருங்கள். பெரியவர் பெயர், மாணவர் பெயர், வீட்டு விலாசம் ஆகியவற்றுக்கு அடுத்து 'அருகாமை' என்று ஒரு கட்டம் இருக்கும். பெரியவர் வீட்டுக்குப் பக்கத்திலேயே பிள்ளை இருந்தால் வந்துபோக எளிது என்பதற்காகச் செய்த ஏற்பாடு என்று பயிற்சியில் சொல்லியிருப்பார்கள். பல வருடம் நானும் அப்படித்தான் சொன்னேன். அந்தக் கட்டத்தைப் பட்டியலில் சேர்த்தவன் நான். சொன்ன காரணம் பொய்.

முப்பத்திரண்டு வருடம் அரசுப் பள்ளியில் வரலாறு நடத்தினேன். ஓய்வுபெற்ற பிறகு இந்தச் சனிக்கிழமைத் திட்டத்துக்கு ஆலங்குடிப் பக்கம் ஒருங்கிணைப்பாளராக இருந்தேன். பதினோராம் வகுப்புப் பிள்ளை ஒருவர், வீட்டோடு இருக்கும் பெரியவர் ஒருவர், சனிக்கிழமை காலையில் இரண்டு மணி நேரம், ஒருவரிடமிருந்து ஒருவர் எதையாவது கற்றுக்கொள்வது. வேலை உங்களுக்குத் தெரிந்ததுதான். "புதுசா வர்றவங்களுக்கு நல்ல அனுபவமா நாலு எழுதிக் குடுங்க சார்" என்று அலுவலகத்தில் கேட்டார்கள். எழுத உட்கார்ந்தால் இந்த ஒன்றைத் தாண்டிப் போக முடியவில்லை. இதையே எழுதுகிறேன்.

எனக்கு முன்னால் இந்தப் பொறுப்பில் இருந்தவர் ஆவூர்ப் பக்கத்து அம்மா ஒருவர். செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவர். பொறுப்பைக் கைமாற்றிய அன்று எனக்கு அதிகம் எதுவும் சொல்லவில்லை. "சேத்து வைக்கிறதுக்கு லிஸ்ட் போதும் சார். பிரிச்சு விடணும்னா ரெண்டு பேரையும் ஒண்ணா உக்கார வச்சு, என்ன காரணம்னு ரெண்டு பேரு முன்னாடியும் சொல்லுங்க. சொல்ல முடியாத காரணமா இருந்தா பிரிக்காதீங்க" என்றார். ஆசிரியராக இருந்தவனுக்கு இதெல்லாமா சொல்லித்தர வேண்டும் என்று அப்போது மனதுக்குள் நினைத்துக்கொண்டேன்.

தொற்றுக்காலம் முடிந்து பள்ளிகள் மறுபடி திறந்த வருடம். ஆலங்குடியில் ஒரு பெரியவர். தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். ஊரில் எல்லோருக்கும் அவர் கண்டக்டர்தான், பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. என்னைவிட மூத்தவர், நான் அண்ணே என்பேன். பக்கவாதம் வந்து வலது கையும் பேச்சும் போய்விட்டன. சொல்வதெல்லாம் புரியும், வாயில் சொல் வராது. 'ம்' என்பார், 'இது இது' என்பார், பிறகு எரிச்சலில் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார். யாராவது உட்கார்ந்து பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தால் கொஞ்சம் திரும்பலாம் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். மகன் உரக்கடை வைத்திருந்தார். மருமகளுக்கு வீட்டு வேலை. உட்கார ஆள் இல்லை.

பேச்சே வராதவரிடம் எந்தப் பிள்ளையை அனுப்புவது? பட்டியலில் கடைசியாக மிஞ்சிய பெயர் சத்யா. வம்பனுக்கும் ஆலங்குடிக்கும் நடுவே ஊரணிக் காலனி என்று ஒரு குடியிருப்பு. அங்கிருந்து எட்டே முக்கால் பஸ்ஸில் வரும் பெண். கடைசியாக மிஞ்சியவளைக் கடைசியாக மிஞ்சியவரோடு சேர்த்தேன். அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை.

முதல் இரண்டு சனிக்கிழமையும் ஒன்றும் நடக்கவில்லை. "தாத்தா என்னையப் பாக்கவே மாட்டேங்குறாரு சார், ஃபேனத்தான் பாக்குறாரு" என்றாள். மூன்றாவது வாரம் அவள் உதவித்தொகைக் காகிதத்துக்காகப் புதுக்கோட்டை போய்விட்டு நேரே அங்கு வந்திருக்கிறாள். தாமதமாகிவிட்டது. நான் அன்று மேற்பார்வைக்குப் போயிருந்ததால் கண்ணால் பார்த்தேன். வேர்த்துக்கொண்டே உள்ளே வந்தவள், "கோவிச்சுக்காதீங்க தாத்தா. மச்சுவாடி தாண்டவே அர மணி நேரம். அப்பறம் திருவரங்குளத்துல ஒரு கல்யாணக் கூட்டம் ஏறுச்சு பாருங்க..." என்றாள்.

"வம்பன்" என்றார் கண்டக்டர்.

அவள் அப்படியே நின்றாள். அவரும் தன் வாயிலிருந்து வந்ததைக் கேட்டுத் திகைத்துப்போனவர் மாதிரி இருந்தார்.

"மச்சுவாடி" என்றாள் அவள் மெதுவாக.

"திருவரங்குளம். வம்பன். ஆலங்குடி. ஆலங்குடில்லாம் எறங்கு" என்று ஒரே மூச்சில் சொன்னார். பஸ்ஸுக்குள் கடைசி சீட்டு வரை கேட்கும் குரல். அடுப்படியிலிருந்து மருமகள் ஓடி வந்தார்.

முப்பது வருடம் தினமும் ஆறு நடை சொன்ன வரிசை அது. நோய் அதை மட்டும் விட்டு வைத்திருந்தது. சத்யா அதைப் பிடித்துக்கொண்டாள். ஒரு நோட்டில் ஒரு பக்கத்துக்கு ஒரு நிறுத்தம் என்று எழுதினாள். "திருவரங்குளத்துல யாரு ஏறுவாங்க தாத்தா?" என்பாள். நெடுநேரம் கழித்து, "டீச்சர்" என்று வரும். "டீச்சர் கையில என்ன?" "கொ... கொடை." "டிக்கட் வாங்குவாங்களா, ஓசியா?" அவர் இடது கையை ஆட்டிச் சிரிப்பார். நான்கு மாதத்தில் அந்த நோட்டில் நாற்பது சொற்களுக்கு மேல் சேர்ந்துவிட்டன. என்னிடம் வந்து, "இந்த மாதிரி பேச்சு வராதவங்களுக்குச் சொல்லித்தர்றதுக்குன்னு படிப்பு இருக்காமே சார், எங்க இருக்கு?" என்று கேட்டாள். விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். விசாரிக்கவில்லை.

அந்த வீட்டில் சத்யாவுக்குத் தண்ணீர் கொடுக்கும் டம்ளர் ஜன்னல் கம்பிக்கு வெளிப்பக்கம் கவிழ்ந்திருக்கும். எனக்கு வரும் காப்பி உள்ளே அலமாரியில் இருக்கும் டம்ளரில் வரும். அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டு மேற்பார்வைக் குறிப்பில் 'குடும்பத்தினர் நல்ல ஒத்துழைப்பு' என்று எழுதினேன்.

ஒரு சனிக்கிழமை பகல் சத்யா பள்ளி வாசலில் எனக்காகக் காத்திருந்தாள். முகம் சரியில்லை.

"சார், நான் ஒண்ணு சொல்லிட்டேன் தாத்தாட்ட."

"என்ன சொன்ன?"

"அவரு எப்பச் சொன்னாலும் வம்பனுக்கு அடுத்து ஆலங்குடின்னுதான் சொல்லுவாரு. நடுவுல எங்க ஸ்டாப்பு வராது. எங்கம்மாட்டக் கேட்டேன். அப்பெல்லாம் எங்க ஸ்டாப்புல பஸ் நிக்காதாம் சார். பெல்லே அடிக்க மாட்டாங்களாம். ஆலங்குடில எறங்கித் திரும்பி நடக்கணுமாம். எங்கம்மா புள்ளத்தாச்சியா இருக்கறப்பவும் நடந்துச்சாம்."

"அதப் போயி அவர்ட்டச் சொன்னியா?"

"சண்ட மாதிரி சொல்லல சார். விளையாட்டாத்தான் சொன்னேன். 'தாத்தா, எங்களையெல்லாம் எறக்கி விடாமப் போயிட்டீங்களே'ன்னு. அவரு அதுக்கப்பறம் ஒரு வார்த்த பேசல. செவுத்துப் பக்கம் திரும்பிக்கிட்டாரு. போயிட்டு வாரேன் தாத்தான்னு சொன்னேன், திரும்பல."

அடுத்த வாரம் சரியாகிவிடும் என்று சொல்லி அனுப்பினேன். அவர்கள் இருவருக்கும் அந்த அடுத்த வாரம் வரவே இல்லை.

புதன்கிழமை கண்டக்டரின் மகன் என்னைக் கடைக்கு வரச் சொன்னார். அவர் என்னை மாமா என்பார். எங்களுக்குள் உறவு எதுவும் கிடையாது. ஒரே ஆட்கள், அதனால் மாமா. இதையும் சொல்லிவிட வேண்டும்: அவர் என்னிடம் அவ்வளவு வெளிப்படையாகப் பேசியதற்கும், நான் அவ்வளவு சீக்கிரம் தலையாட்டியதற்கும் அதுதான் காரணம்.

"தப்பா நெனைக்காதீங்க மாமா. நான் ஒண்ணும் அதெல்லாம் பாக்குறவன் இல்ல" என்று தொடங்கினார். "நேத்து எம் மகளப் பொண்ணு பாக்க வந்திருந்தாங்க. நடுவீட்டுல எல்லாரும் உக்காந்திருக்காங்க. இங்கிட்டு கட்டில்ல அப்பா. திடீர்னு, 'ஊரணிக் காலனி, எறங்கு, ஊரணிக் காலனி, எறங்கு'ன்னு ஒரே சத்தம். நிறுத்தவே மாட்டேங்குறாரு. ராத்திரியெல்லாம் வாய்க்குள்ளயே மொணங்கிக்கிட்டு இருந்தாராம், எம் பொண்டாட்டி சொல்லுது. மூணு நாளா அதத்தான் சொல்லிப் பழகிருக்காரு. வந்தவங்க என்ன ஏதுன்னு கேக்குறாங்க. எம் மகன் சின்னவன், 'தாத்தாவப் பாக்க சத்யா அக்கா வரும், அது ஊரு'ன்னு போட்டு ஒடச்சிட்டான்."

"சரி."

"அந்தப் புள்ள அப்பாவத் தாத்தாங்குது மாமா. ஐயான்னு சொல்லலாம்ல? ஊருக்குள்ள என்ன பேசுவாங்க? நீங்களே வாத்தியாரு, ஒங்களுக்கு நான் சொல்லணுமா? நம்ம தெருவுலயே ஒரு பையனப் போடுங்க. நான் வேணாங்கல."

நான் ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்க வேண்டும். நான்கு மாதத்தில் முதல்முறையாக, வரிசையில் இல்லாத ஒரு சொல்லை உங்கள் அப்பா தானாகவே முயன்று கற்றிருக்கிறார், அது உங்களுக்குப் பெரிதாகப் படவில்லையா என்று. எனக்கு அது அப்போதே புரிந்தது, பிறகுதான் புரிந்தது என்று சொல்லித் தப்பிக்க மாட்டேன். சத்யா சொன்னது எனக்குத் தெரியும், அவர் சுவர்ப்பக்கம் திரும்பியது தெரியும், அதன் பிறகு மூன்று நாள் அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதும் அந்தக் கடையில் உட்கார்ந்திருக்கும்போதே விளங்கியது. அவர் பதில் சொல்லப் பழகிக்கொண்டிருந்தார். உலகத்தில் அந்தச் செய்தி முழுதாகத் தெரிந்த ஒரே ஆள் நான்.

"பாத்துக்கிறேன்" என்றேன். காப்பி வந்தது. குடித்தேன்.

வெள்ளிக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, "அண்ணே, சத்யாவுக்கு இனிமே பஸ் வசதி இல்லையாம். வேற பையன் வருவான்" என்றேன். பொய் எனக்குத் தயாராக இருந்தது. பிரிப்புப் படிவத்தில் எல்லோரும் எழுதும் காரணம் அது. யாரிடம் சொல்கிறேன் என்பதைக்கூட நான் நினைத்துப் பார்க்கவில்லை.

அவர் என்னையே பார்த்தார். இடது கையை உயர்த்தினார்.

"எட்டே... முக்கா."

நான் எழப் போனேன்.

"எட்டே முக்கா. ஒம்போது... பத்து" என்றார். அந்தத் தடத்தில் அவள் வருவதற்குத் தோதான இரண்டு பஸ்ஸும் அவைதான். பிறகு தெளிவாக, ஒரு எழுத்து சிதையாமல், "ஊரணிக் காலனி. எறக்கு. எறக்கி விடு" என்றார். அவர் கண்ணில் தண்ணீர். உதடு கோணிக்கொண்டு அதையே மறுபடி சொன்னார்.

பேச்சு வராதவர்களிடம் நாம் எல்லோரும் ஒரு வித்தை வைத்திருக்கிறோம். புரியாதது மாதிரி தலையாட்டுவது. நீங்களும் இந்த வேலையில் பழகிவிடுவீர்கள். நான் அவர் கையைத் தட்டிக்கொடுத்து, "சரிண்ணே, பாக்கலாம்" என்றேன். கதவு நிலையில் நின்றிருந்த மருமகள், "எதையாவது சொல்லிக்கிட்டேதான் இருப்பாரு, நீங்க வாங்க மாமா" என்றார். எழுந்து வந்துவிட்டேன். அவர் நோயை நான் என் வசதிக்குப் பயன்படுத்திக்கொண்டேன்.

அன்று மதியமே பள்ளியில் சத்யாவைக் கூப்பிட்டேன். "அந்தப் பெரியவருக்கு இப்ப யாரும் வர்றது பிடிக்கலம்மா. ஒனக்கு ஒங்க ஊருக்குள்ளயே ஒரு டெய்லர் பெரியவரப் போட்டிருக்கேன், பஸ் ஏற வேண்டியதில்ல."

"நான் அன்னைக்குச் சொன்னதுனாலயா சார்?"

இல்லை என்று ஒரு சொல் போதும். இல்லையம்மா, அவர் உன் ஊர்ப் பெயரைச் சொல்லப் பழகிவிட்டார் என்று சொல்லியிருந்தால் அடுத்த கேள்வி வரும், அப்படியானால் ஏன் நிறுத்துகிறீர்கள் என்று. அந்தக் கேள்விக்கு என்னிடம் இருந்த பதிலை ஒரு பெண்பிள்ளை முகத்துக்கு நேரே சொல்ல முடியாது. ஆகவே, "அதெல்லாம் போட்டு யோசிக்காத. படிக்கிற வேலையப் பாரு" என்றேன். அவள் நோட்டை என்னிடம் கொடுத்தாள். "அடுத்து வர்றவங்களுக்கு ஆகும் சார்." அதை அலுவலக அலமாரியில் வைத்தேன். வந்த பையனிடம் கொடுக்கவில்லை; அதன் முதல் பக்கத்தில் அவள் பெயர் இருந்தது.

மாதாந்திர அறிக்கை ஆவூர் அம்மாவுக்கும் போகும்; படித்துவிட்டு போன் செய்தார். "சார், கண்டக்டர் வீட்டுக்கு பஸ் இல்லன்னு எழுதுன மொத ஆளு நீங்கதான்" என்றார். நான் சிரித்து மழுப்பினேன். அவர் சிரிக்கவில்லை. "அந்தப் புள்ளைட்டப் போயி உள்ளதச் சொல்லிட்டு வந்துருங்க. இன்னைக்கே போங்க. நாளாச்சுன்னா ஒங்களால முடியாது." சரிம்மா என்றேன். போகவில்லை.

தெருப் பையன் வந்தான், போனைப் பார்த்துக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்தான், போனான். குற்றம் அவனுடையது இல்லை. கண்டக்டர் அதற்குப் பிறகு நிறுத்தங்களைச் சொல்லவில்லை. மச்சுவாடி என்று யாராவது எடுத்துக்கொடுத்தாலும் வாயைத் திறக்கவில்லை. ஐந்தாவது மாதம் இரண்டாவது தடவையாக வாதம் வந்து இறந்துபோனார். மாலை வாங்கிப் போனேன். மகன் என்னிடம், "கடைசி வரைக்கும் ஒரு வார்த்த பேசலயே மாமா" என்று அழுதார். உண்மையாகவே அழுதார். சத்யாவுக்கு நான் தகவல் சொல்லவில்லை.

அடுத்த வருடம்தான் பட்டியலில் அந்தக் கட்டத்தைச் சேர்த்தேன். இனி ஒரு வீட்டிலும் பிரச்சினை வரக்கூடாது என்று முன்கூட்டியே தெருவுக்குத் தெரு பிரித்துவிட்டு, அதற்கு 'அருகாமை' என்று பெயர் வைத்தேன். அலுவலகத்தில் பாராட்டினார்கள், மற்ற வட்டங்களுக்கும் அதை அனுப்பினார்கள். அதற்குப் பிறகு என்னிடம் புகாரே வரவில்லை. வேறு எதுவும்கூட வரவில்லை. யாரும் யாரிடமும் தெரியாத எதையும் கேட்கவில்லை. அந்தக் கட்டத்தை நீக்கிவிடுங்கள் என்று நான் சொல்லலாம்; நீக்கினால் என் மாமன் மச்சான்மார்கள் உங்களைக் கடைக்குக் கூப்பிட்டுக் காப்பி கொடுப்பார்கள். அப்போது என்ன சொல்வது என்பதற்கு என்னிடம் வழி எதுவும் இல்லை. நான் சொன்னதைச் சொல்லாதீர்கள் என்பது மட்டும்தான் எனக்குத் தெரிந்தது.

சென்ற மாதம் ஓய்வூதியத்துக்காக வருடாந்திரக் கைரேகை வைக்க ஒரு கணினி மையத்துக்குப் போனேன். கவுண்டரில் இருந்தது சத்யா. பி.காம் முடித்திருக்கிறாள். அடையாளம் தெரிந்து, "சார், நல்லா இருக்கீங்களா?" என்றாள். பேச்சுப் பயிற்சிப் படிப்பு என்னவாயிற்று என்று நான் கேட்கவில்லை. விரலை வைத்தேன், கருவி எடுக்கவில்லை. "தொடச்சிட்டு வைங்க சார், வயசானா ரேகை தேஞ்சிரும்" என்றாள்.

அங்கேயே சொல்லத் தொடங்கிவிட்டேன். தனியாகக் கூப்பிட்டுச் சொல்லும் துணிவு எனக்கு இல்லை. பின்னால் ஆட்கள் நிற்கும் இடத்தில் அவளால் அதிகம் கேட்க முடியாது என்று உள்ளுக்குள் ஒரு கணக்கு இருந்திருக்கலாம். மகன் சொன்னது, நான் தலையாட்டியது, பஸ் இல்லை என்றது, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஊரணிக் காலனி என்று சொல்லப் பழகியதையும் சொன்னேன்.

அவள் திரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். 

"செத்ததுகூட பஸ் ஸ்டாண்டு போஸ்டர்லதான் சார் பாத்தேன். போகலாமான்னு நெனச்சேன். அவருக்குத்தான் என்னையப் பிடிக்கலன்னு சொன்னீங்களேன்னு போகல" என்றாள். பிறகு, "அப்பவே சொல்லிருந்தா, வீட்டுக்குள்ள விடாட்டியும் ஜன்னல்ட்டயாச்சும் நின்னு கேட்டிருப்பேன் சார். இப்பச் சொல்லி நான் என்ன பண்ண?" என்றாள்.

நான் விரலைத் துடைத்து மறுபடி கருவியில் வைத்தேன்.

"ஒங்ககிட்ட அவரு நேராச் சொன்னாரா சார், எறக்கி விடுன்னு?"

"ஆமா."

"அதுக்கு நீங்க என்ன சொன்னீங்க?"

"சரிண்ணே, பாக்கலாம்னு சொன்னேன்."

அவள் முதல்முறையாக என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு அச்சுக் காகிதத்தை எடுத்து, மடித்து, என் பக்கம் தள்ளினாள்.

"பதிவு ஆயிருச்சு. கொஞ்சம் தள்ளி நில்லுங்க சார், அடுத்த ஆள் நிக்கிறாங்க."